சிவப்புக் குறி போட்ட மாவு

யுத்த காலத்தில், பட்டாபிராம் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு ராணுவக் கிடங்கில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆண்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால்தான் ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. ஆவடியில் அம்மாவும் நானும் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். அப்பா இல்லை. என் வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது.

அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் பயம்தான். ரங்கூன் விழுந்துவிட்டது, அடுத்தது மதராஸ்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பட்டணத்து ஜனங்கள் படுக்கையும் பாத்திரமுமாக எங்கள் ஊரைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். வானத்தில் இரைச்சல் கேட்டால் அம்மா கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய்க் குந்திக்கொள்வாள். அவளுக்குத் தைரியம் சொல்லி எழுப்பிவிட்டு நானும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிடங்கில் எனக்கு இருந்தது வேறு பயம். அதிகாரி ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியாகத் தூங்காத மனிதர், எதற்கும் கத்துவார். அவருடைய பென்சில் குறிப்புகளைச் சுத்தமாக டைப் அடித்துக் கொடுப்பதுதான் என் முக்கியமான வேலை. அவர் எழுதுகிற வாக்கியங்களுக்குத் தலை ஒரு பக்கம் இருக்கும், கால் ஒரு பக்கம் இருக்கும். இங்கிலீஷ் அவருடைய சொந்த பாஷைதான், இருந்தாலும் அவசரத்தில் எழுதுகிறவர்.

சாயங்கால வகுப்பில் வியாபார இங்கிலீஷ் படித்தபோது எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஒரே வாக்கியத்தில் மூன்று காரியங்களை வரிசையாகச் சொன்னால் மூன்றையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டும். கதவைச் சாத்து, விளக்கை அணை, சாவியைக் கொடு என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. கதவு சாத்தப்பட வேண்டும், விளக்கை அணைத்தல், சாவியைக் கொடு என்று எழுதினால், யார் எதைச் செய்வது, எது முதலில், எது எதோடு சேர்ந்தது என்று படிக்கிறவன் முழிப்பான். எங்கள் கேப்டன் எப்போதும் இரண்டாவது தினுசில்தான் எழுதுவார். நான் டைப் அடிக்கும்போதே அவற்றை நேராக்கிவிடுவேன். சந்தேகம் இருந்தால் பயந்துகொண்டே உள்ளே போய்க் கேட்பேன். கத்திவிட்டுப் பதில் சொல்வார். அப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தது.

பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்த சமயம் அது. கிடங்கில் மூட்டை தூக்கும் கூலி ஆட்களுக்கு அரிசிக்குப் பதில் கோதுமை மாவு கொடுக்கலாம் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. மாவு ஏற்றிய ரயில் வாகன் ஒரு நாள் சாயங்காலம் கிடங்கை ஒட்டிய எங்கள் சைடிங் தண்டவாளத்துக்கு வந்தது. நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தேன். மறுநாள் காலை ஆவடி ஸ்டேஷனில் எங்கள் ரயிலை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பட்டாளத்து ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. நான் கிடங்குக்குள் நுழையும்போது மதியம் நெருங்கிவிட்டது. தாமதத்துக்கு என்ன திட்டு விழுமோ என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

கொல்லைப்பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது. ஸ்டோர் கீப்பர் அங்கே குப்பை எரிக்கிற குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், வீடு நிறையப் பெண் குழந்தைகள். யார் மனதும் நோகாமல் பேசுவார்.

"என்ன எரியுது?" என்று கேட்டேன்.

"மாவும்மா. மீதியை அழிக்கச் சொல்லிட்டார் தொரை. இந்தப் பஞ்சத்துல எப்படித்தான் மனசு வருதோ."

"எது மீதி?"

"குறி போடாத மூட்டைங்க. சிவப்புக் குறி போட்டதெல்லாம் ஆளுங்களுக்கு அளந்து கொடுத்தாச்சு. அவங்களும் மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

நல்ல மாவை எரிப்பானேன்? குழியின் ஓரத்தில் கிடந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். புது மூட்டை. வண்டு இல்லை, ஈரம் இல்லை. எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. "உத்தரவு இருக்கா?" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கேப்டனின் பென்சில் குறிப்பை எடுத்துக் கொடுத்தார். நான் வராததால் அது டைப் ஆகாமல் நேராக அவர் கைக்குப் போயிருந்தது.

இங்கிலீஷில் இருந்த அந்த வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சிவப்புக் குறி மூட்டைகள் தனியே பிரிக்கப்பட வேண்டும், கூலி ஆட்களுக்கு அரிசிக்குப் பதிலாக வழங்குதல், மீதியை அழிக்கவும்.

மூன்று வினைகள், மூன்றும் மூன்று வடிவம். ஸ்டோர் கீப்பர் படித்த மாதிரி படித்தால் சிவப்புக் குறி மூட்டைகளைப் பிரித்து ஆட்களுக்குக் கொடு, மற்றதை அழி என்று அர்த்தம் வருகிறது. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த 'வழங்குதல்' முன்னாலும் ஒட்டவில்லை, பின்னாலும் ஒட்டவில்லை. அது தனியாக நிற்கிற காரியமாக இருந்தால்? வழங்க வேண்டியது குறி இல்லாத மூட்டைகளாகவும், 'மீதி' என்பது பிரித்து வைத்த சிவப்பு மூட்டைகளாகவும் இருந்தால்?

"ஏன் குறி போட்டாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலையேம்மா. நேத்து ராத்திரி தொரையும் சார்ஜெண்டும்தான் வாகனைத் திறந்து பார்த்தாங்க. சார்ஜெண்ட் காலையில மதராஸ் போயிட்டார்."

கேப்டனின் அறைக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரம் எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. அவர் டெலிபோனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. வாழ்க்கையில் அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் போ என்று சொல்லி நான் நின்றதே இல்லை.

"சார், மாவு மூட்டைகளில் எதற்காகச் சிவப்புக் குறி போட்டீர்கள்?"

"எலிப் பாஷாணம்," என்றார் எரிச்சலாக. "அதே வாகனில் வந்த டின் உடைந்து அந்த மூட்டைகள்மேல் கொட்டியிருக்கிறது. எரிக்கச் சொல்லிவிட்டேனே."

"அதை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், சார். எரிகிறது நல்ல மாவு."

அவர் டெலிபோனைக் கீழே வைக்கக்கூட இல்லை. அது மேஜையிலிருந்து வயரில் தொங்கியது, உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தது. அந்த முகம் வெளுத்ததை நான் மறக்கவில்லை. அதுவரை கேப்டன் யாருக்கும் பயப்படாதவர் என்று எண்ணியிருந்தேன். என்னைவிட அதிகமாக நடுங்குகிற ஒரு ஆள் எதிரில் நின்றதும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இவரும் இப்படி ஆனால் யார் என்ன செய்வது?

லாரியை எடுக்கச் சொன்னார். "நீயும் போ, மிஸ். அவர்கள் பாஷை உனக்குத் தெரியும். பெண்களிடம் ஆண்கள் போய்ப் பேச முடியாது," என்றார். குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஓடினார். நானும் ஸ்டோர் கீப்பரும் லாரியில் ஏறினோம். டிரைவர் வடக்கத்திச் சிப்பாய். ஸ்டோர் கீப்பர், "எழுதினபடிதானே செஞ்சேன்? எழுதினபடிதானே?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆட்களின் குடிசைகள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தன. அங்கே பொழுது சாயும் நேரத்தில்தான் உலை வைப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரே சமையல். அந்த ஒரு வழக்கம்தான் எங்களுக்கு அவகாசம் கொடுத்தது. ஆனால் பசித்த குழந்தை எந்த வீட்டில் முன்னாலேயே அழுதிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முதல் குடிசையில் இருந்தவள் மாவு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பித் தரச் சொன்னதும் மூட்டையை இறுக்கிக்கொண்டாள்.

"அரிசியும் இல்லேன்னீங்க. இப்ப இத்தையும் புடுங்கிகினு பூட வந்துட்டியா?"

"அக்கா, அதுல எலிப் பாஷாணம் விழுந்திருக்கு. தின்னா உயிர் போயிடும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "குடுக்க சொல்லோ தெரியலியா ஒங்களுக்கு?"

அவள் எழுந்து வந்து மூட்டையை லாரியில் வீசினாள். பிறகு தெருவில் நின்று, "பாசாணமாம்! ஆரும் அடுப்புல வெக்காதீங்க! பாசாணமாம்!" என்று கூவினாள். அவள் கூவியிராவிட்டால் நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சியிருக்க வேண்டும். பெண்கள் சட்டியோடும் முறத்தோடும் ஓடி வந்தார்கள். ஒருத்தி மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றியிருந்தாள். கொதிக்கிற பானையைத் தூக்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். அவளுடைய பிள்ளை பானையைப் பார்த்து அழுதது. அவள் அதை அடித்தாள், பிறகு அதைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

ஸ்டோர் கீப்பர் பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் குடிசையில் மட்டும் மாவு இல்லை.

"எம் புருசன் எட்துகினு போச்சு," என்றாள் அங்கிருந்தவள். "எங்களுக்கு இத்த இன்னா பண்றதுன்னே தெரியல. குமணன்சாவடியாண்ட ஒரு பாய் ஊடு கீது. அவங்க ரொட்டி சுடுவாங்க. மாவு குட்த்தா அரிசி குடுப்பாங்க."

"எப்பப் போனார்?"

"அளந்த ஒடனே கெளம்பிடுச்சு. ஒரு மாட்டு வண்டி போச்சு, அதுல தொத்திகினு போச்சு."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. மாவை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் வீட்டில் அது சும்மா கிடந்தது. இப்போது அது, எப்படிச் சமைப்பது என்று தெரிந்த வீட்டுக்குப் போய்விட்டது.

லாரி ஆவடியைத் தாண்டிப் பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிப் பக்கம் பறந்தது. ஏரிக்கரையில் மாடுகள் குறுக்கே வந்தபோதெல்லாம் நான் வாய்விட்டுக் கத்தினேன். குமணன்சாவடியில் பெங்களூர் ரோட்டுக்குப் பக்கத்தில் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் திரை தொங்கியது. ஸ்டோர் கீப்பர் தெருவிலேயே நின்றுவிட்டார். நான் திரையைத் தள்ளிக்கொண்டு யாரையும் கேட்காமல் உள்ளே ஓடினேன்.

அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, கையில் கடித்த ரொட்டி. நான் பாய்ந்து அதைத் தட்டிவிட்டேன். குழந்தை வீறிட்டது. தாய் எழுந்து என் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளினாள்.

"யாரு நீ? என் புள்ளையை ஏன் அடிக்கிறே?"

"இந்த மாவுல விஷம் விழுந்திருக்கும்மா. பட்டாபிராம்ல இருந்து வர்றேன். குழந்தை எவ்வளவு தின்னுச்சு?"

அவள் கை என் தோளிலேயே இருந்தது. பிடி மட்டும் தளர்ந்தது. "முதல் ரொட்டியை அவளுக்குத்தான் கொடுத்தேன். இது ரெண்டாவது," என்றாள். பிறகு, "அல்லாவே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குக் கிடங்கில் முதலுதவி வகுப்பு நடத்தியிருந்தார்கள். அதில் விஷம் குடித்தவருக்குச் செய்வதையும் சொல்லியிருந்தார்கள். உப்புத் தண்ணீர் கரைத்தோம். தாய் குழந்தையின் மூக்கைப் பிடித்தாள், நான் ஊற்றினேன். குழந்தை என் மணிக்கட்டைக் கடித்தது. பிறகு வாந்தி எடுத்தது, திரும்பத் திரும்ப எடுத்தது. ஸ்டோர் கீப்பர் ஓடிப்போய் ஒரு டாக்டரை அழைத்து வந்தார். அவர் நாடி பார்த்தார், கண்ணை விலக்கிப் பார்த்தார். "மருந்து கொடுத்திருக்கேன். எல்லா மாவுலயும் கலந்திருக்காது, மேலே கொட்டின இடத்துலதான் இருக்கும். இவ தின்னதுல இருந்துதா இல்லையான்னு இப்பச் சொல்ல முடியாது. பார்க்கணும்," என்றார்.

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாயின் மடியில் குழந்தை கண்ணை மூடிக் கிடந்தது. மூச்சு வருகிறதா என்று ஒரு முறை அவள் விரலை வைத்துப் பார்ப்பாள், அடுத்த முறை நான் வைப்பேன். குழந்தைக்கு வயிற்றை வலித்தது, முனகியது. அது விஷத்தாலா, நாங்கள் ஊற்றிய உப்புத் தண்ணீராலா என்று தெரியவில்லை. செத்துப்போனால் இந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாம் என்றும் நினைத்தேன்.

மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்டபோது குழந்தை கண்ணைத் திறந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் தாயின் புடவைக்குள் புதைத்துக்கொண்டு, "இவங்களை வெளியே போகச் சொல்லு," என்றது. டாக்டர் சிரித்தார். "இனிமே பயமில்லை," என்றார்.

மாவையும் தட்டிய ரொட்டியையும் சாக்கில் கட்டினோம். அந்தக் குடிசைக்காரர் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார் என்றாள் தாய். அந்த அரிசியைத் திரும்ப வாங்கி வந்து தந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

"வேணாம்," என்றாள். "அவங்க பசங்க இந்நேரம் சோறு தின்னுக்கிட்டிருக்கும். கேக்காதீங்க."

இரண்டு மூன்று நாளில் மதராஸிலிருந்து ஒரு மேஜர் விசாரணைக்கு வந்தார். ஸ்டோர் கீப்பரைப் போலீஸில் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று கிடங்கு முழுக்கப் பேச்சு. அவர் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னையும் கூப்பிட்டார்கள். கேப்டனின் வாக்கியம் தப்பு என்று அவர் எதிரிலேயே சொன்னால் என் வேலை என்ன ஆகும் என்று முந்தின இரவெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அதே கேள்விதான்.

மேஜர் குறிப்பை நீட்டி, "இதைப் படித்ததும் உனக்கு ஏன் சந்தேகம் வந்தது?" என்றார்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்கப் பேசு என்றார். "இதில் மூன்று வேலைகள் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கின்றன, சார். அதனால் நடுவில் இருப்பது எந்த மூட்டைகளைப் பற்றியது என்று தெரியவில்லை. 'சிவப்புக் குறி உள்ளவற்றைப் பிரி, அவற்றை எரி, குறி இல்லாதவற்றை வழங்கு' என்று ஒரே மாதிரி இருந்திருந்தால்..." கேப்டனைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கேப்டன்தான் எழுந்திருந்தார். "ஸ்டோர் கீப்பர் எழுதியிருந்ததைச் செய்தார். எழுதியவன் நான். என் மனதில் இருந்தது காகிதத்தில் இல்லை," என்றார். அவருடைய கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்டோர் கீப்பர் அவருக்குப் பின்னால் நின்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

ஸ்டோர் கீப்பரின் வேலை தப்பியது. கேப்டனைச் சில மாதங்களில் வேறு எங்கோ மாற்றினார்கள். போகிறவரை ஒவ்வொரு உத்தரவையும் என் மேஜைக்குக் கொண்டு வந்து, டைப் ஆகி வரும்வரை பக்கத்திலேயே நிற்பார். அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த விஷயம் விசாரணையோடு முடியவில்லை. நெருப்பிலிருந்து மீட்ட நல்ல மாவையும் புதிதாக வந்த மாவையும் அடுத்த வாரம் ஆட்களுக்குக் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. உத்தரவை நானே டைப் அடித்தேன். ஒவ்வொரு மூட்டையையும் நானும் ஸ்டோர் கீப்பரும் பிரித்துப் பார்த்தோம். ஆட்களும் அவர்கள் மனைவிமாரும் வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை. அன்று மூட்டையை லாரியில் வீசியவள்தான் முன்னால் நின்றாள்.

"நல்ல மாவுதான் அக்கா. நானே பார்த்தேன்," என்றேன்.

"அன்னிக்கும் ஆரோ பாத்துதான் குட்த்தாங்க."

ஸ்டோர் கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். கொல்லையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, அந்த மாவிலிருந்தே ஒரு அடை தட்டினேன். அவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நானே பிரித்த மூட்டை, நானே அளந்த மாவு. அதில் ஒன்றுமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றேன். அம்மாவின் முகம் வந்தது, அந்தக் குழந்தையின் முகம் வந்தது. மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டைப் பிய்த்தேன்.

"பயமா கீதா?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

"ஆமாம்," என்றேன்.

அவள் என் கையிலிருந்த அந்தத் துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் முந்தானையை விரித்து, "அள," என்றாள் ஸ்டோர் கீப்பரிடம்.